பூக்காத சிம்பிடியத்துக்கு ஒரு பந்தல்

நீலகிரியில் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும் வாசல் திண்ணையிலோ போர்டிகோ ஓரத்திலோ சிம்பிடியம் என்ற ஆர்க்கிட் செடித் தொட்டி ஒன்றைப் பார்க்கலாம். நீளநீளமாய்க் கரும்பச்சை இலை, தொட்டி பிதுங்கக் குமிழ்கள் (இலைக்கு அடியில் பருத்து நிற்கும் தண்டுகள்). "பூக்குதா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வாங்கின வருஷம் பூத்தது, அப்புறம் இல்லை. குளிர் பத்தவில்லை, உரம் பத்தவில்லை, ஜாதி சரியில்லை என்று காரணமும் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் காரணம் வேறு. செடிக்கு வெளிச்சம் பத்தவில்லை. குளிர் இந்த மலையில் காசில்லாமல் கிடைக்கிறது. வெளிச்சத்துக்குத்தான் நாம் வழி செய்ய வேண்டும். குன்னூரில் என் வீட்டுப் பின்புறம் அதற்காகப் போட்ட பந்தலையும், பழைய செடிகளைப் பிரித்து நட்டு அவை பூத்தது வரையிலான வேலைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செடிகள் எதிர்வீட்டு அக்காவினுடையவை. மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குக் குடிபெயரும்போது, "அந்த வெயில்ல இதுங்க நிக்காது தம்பி, நீயே வச்சுப் பாத்துக்க" என்று தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார். அவர் சொன்னதில் பாதி மிகச் சரி. சிம்பிடியம் பகல் வெயிலைத் தாங்கிவிடும். 28, 30 டிகிரி போனாலும் காற்றோட்டம் இருந்தால் சாகாது. அதற்கு ஒத்துவராதது சமவெளியின் ராத்திரி. பெரிய பூ சிம்பிடியங்கள் பூந்தண்டு விட வேண்டுமானால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ராத்திரி வெப்பநிலை 15 டிகிரிக்குப் பக்கமாகவோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். பகலுக்கும் ராத்திரிக்கும் நல்ல வித்தியாசமும் வேண்டும். ராத்திரியும் சூடாகவே இருந்தால் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செடி சுவாசத்திலேயே கரைத்துவிடும். இலை விடும், உயிரோடிருக்கும், பூக்க மட்டும் பூக்காது.

இந்தச் செடிகளின் பூர்வீகத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். சிம்பிடியத்தின் காட்டு இனங்களில் ஹூக்கரியானம் சிக்கிம், பூட்டான், நேபாளப் பக்கத்து மலைக்காட்டு மரங்களில் தொற்றி வளர்வது. லோவியானமும் எபர்னியமும் பர்மாவையும் அதை ஒட்டிய மலைகளையும் சேர்ந்தவை. இன்சிக்னே வியட்நாமின் மேட்டு நிலத்தில் வளர்வது. இங்கிலாந்தின் வீட்ச் நர்சரியில் எபர்னியத்தையும் லோவியானத்தையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம் 1889இல் பூத்தது. அதோடு இன்சிக்னேவைச் சேர்த்து வந்த அலெக்சாண்டரி 1911இல் பதிவானது. இன்று கடையில் வாங்கும் பெரிய பூ சிம்பிடியங்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியில் அலெக்சாண்டரி எங்கோ இருக்கும். ஆக, நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது மலைச்செடிகளின் கொள்ளுப்பேத்தி. மழைக்காலத்தில் நனைந்து, பனிக்காலத்தில் காய்ந்து, மரக்கிளைகளுக்கிடையே சிதறி விழும் வெயிலில் வளர்ந்த பரம்பரை. போர்டிகோ இருட்டு அதற்குப் பழக்கமே இல்லை.

அந்த இருட்டு எவ்வளவு என்று பார்க்க போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியைப் போட்டு நடுப்பகலில் அளந்தேன். திண்ணையில் செடி இருந்த இடத்தில் 4,000 லக்ஸை ஒட்டிக் காட்டியது. அதே நேரம் வெட்டவெளியில் அளந்தால் லட்சத்தைத் தொடுகிறது. சிம்பிடியத்துக்கு வேண்டியது 20,000க்கு மேல்; காற்று நன்றாக இருந்தால் 40,000, 50,000 வரை போகலாம். போன் அளவு துல்லியம் கிடையாதுதான், ஆனாலும் இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு அது போதும். கருவியே இல்லாதவர்கள் இலையைப் பார்த்தால் போதும். பூக்கப் போகும் சிம்பிடியத்தின் இலை லேசாக மஞ்சள் ஓடிய இளம்பச்சையாக, விறைப்பாக நிற்கும். கரும்பச்சையாக, நீளமாகத் தொய்ந்து விழுந்தால் அந்தச் செடி வெளிச்சத்துக்கு ஏங்குகிறது. பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் அதையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பந்தலுக்கு இடம் சமையலறைக்குப் பின்னால் கிடைத்தது. மேற்கே வீட்டுச் சுவர், கிழக்கும் தெற்கும் திறப்பு. காலை வெயில் முழுதாக விழும். மூன்று மணிக்குமேல் சுவர் நிழல் வந்துவிடும். பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பு, சுவர்ப்பக்கம் ஒன்பது அடி, முன்பக்கம் ஏழு அடி உயரம் வைத்துக் கூரையைச் சரித்தோம். கீழே 200 மைக்ரான் யூ.வி. ஷீட் (வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக்), அதற்கு அரையடி மேலே ஐம்பது சதவீத நிழல்வலை. வலையை ஷீட்டோடு ஒட்டிக் கட்டாமல் இடைவெளி விட்டதற்குக் காரணம் சூடு: ஒட்டிக் கட்டினால் வலை வாங்கிய வெப்பம் அப்படியே கீழே இறங்கும்.

ஷீட் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பலமாக இறங்கும். பூந்தண்டு வெளிவரும் நேரமும் அதுதான். இலை இடுக்கில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் தண்டு அழுகும், மொட்டில் கரும்புள்ளி விழும். தொட்டிக்கு எப்போது தண்ணீர் என்பதை மழை முடிவு செய்யாமல் நான் முடிவு செய்ய வேண்டும். கூரையின் கீழ்விளிம்பில் தகரப் பீலி கட்டி 200 லிட்டர் டிரம்மில் மழைத்தண்ணீரைப் பிடிக்கிறேன். உப்புத் தண்ணீரில் இந்த வேர்கள் சீக்கிரம் கருகும் என்பதால் பந்தலில் எனக்கு மிகவும் உபயோகமானது அந்த டிரம்தான்.

வெல்டிங் செய்ய வந்த தம்பி, "நாலு பக்கமும் ஷீட் அடிச்சு மூடிடலாம்ணே, உள்ள கதகதன்னு இருக்கும்" என்றார். பசுமைக்குடில் என்றால் மூடியிருக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இங்கே அந்தக் கதகதப்பு ஆகாது. பகலில் வெளிச்சம், ராத்திரியில் வெளியே இருக்கும் அதே குளிர்: இரண்டும் வேண்டுமென்றால் பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். பக்கங்களில் வெல்டுமெஷ் மட்டும் அடிக்கச் சொன்னேன். அதுகூட குரங்குக்காக. மொட்டும் பூவும் குரங்குக்குத் தின்பண்டம். கீழ்த்தெரு வீடொன்றில் பூக்க இரண்டு வாரம் இருந்த தண்டுகளை ஒரே காலையில் ஒடித்துப் போட்டுவிட்டுப் போயின. காட்டெருமை வருகிற வீடு என்றால் பைப்புக்குக் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும். செடியைத் தின்ன வராவிட்டாலும் போகிற போக்கில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போகும்.

உள்ளே தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கம்பி வலை மேசைகள். தொட்டிக்குக் கீழேயும் காற்று போக வேண்டும். தரையில் வைத்தால் ஓட்டை வழியாக நத்தை ஏறிவிடும்.

அடுத்தது பிரித்து நடுவது. இதற்கு நேரம் பூ முடிந்தபின் பிப்ரவரி, மார்ச். புதுத்துளிர் கிளம்பும், அதன் அடியில் புது வேர் ஓடும் காலம். பூக்காத செடிக்கும் இதே காலம்தான்.

அக்காவின் தொட்டிகளில் பெரியதை முதலில் எடுத்தேன். கவிழ்த்துத் தட்டினால் வரவில்லை. பிளாஸ்டிக் தொட்டியைக் கத்தியால் மேலிருந்து கீழாகக் கிழிக்க வேண்டியிருந்தது. உள்ளே வேர் பிரிமணை மாதிரி சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. நடுவில் இருந்த கலவை மக்கிச் சேறாகியிருந்தது. நல்ல வேர் விரல் மொத்தத்துக்குச் சற்றுக் குறைவாக, வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். மேலே பஞ்சு போன்ற உறை, உள்ளே கம்பி மாதிரி ஒரு நரம்பு. செத்த வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் உறை கழன்று கையோடு வரும். நரம்பு மட்டும் செடியில் தொங்கும். அப்படி வருவதையெல்லாம் அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டால் அதிலிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும்.

வேரைக் கழுவியதும் செடியின் அமைப்பு தெரிந்தது. குமிழ்கள் வரிசையாக ஒரு கிடைத்தண்டில் கோத்திருக்கின்றன. ஒரு முனையில் இலையோடு புதுக்குமிழ். பின்னால் போகப்போக இலை உதிர்ந்த பழங்குமிழ்கள். ஆசைப்பட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தால் பூவுக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். இலையுள்ள குமிழ்கள் மூன்று நான்கும் ஒரு புதுத்துளிரும் சேர்ந்திருப்பதுபோல ஒரு துண்டு என்று பிரித்தேன். இரண்டு குமிழ்களுக்கு நடுவே கத்தியை இறக்கும்போது முதலில் நார் தடுக்கும், பிறகு சட்டென்று விடும். வெட்டுவாயில் மரக்கரித் தூளைத் தடவினேன்.

கத்தி விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தியைத் தீயில் காட்டிச் சூடேற்றி, ஆறவிட்டுத்தான் தொடுவேன். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் இரண்டும் வெட்டும் கருவி வழியாகவே செடிக்குச் செடி பரவுகின்றன. வந்துவிட்டால் மருந்து கிடையாது. இளம் இலையில் வெளிறிய கீற்றுகள், பிறகு அவை கறுத்துக் குழிந்து கட்டங்கட்டமாகத் தெரியும். அக்காவின் தொட்டிகளில் ஒன்றில் அது அப்படியே இருந்தது. பழைய செடி, நல்ல பருமன், மனசே வரவில்லை. ஆனால் மேசையில் பக்கத்தில் இருப்பவை எல்லாம் அதோடு போய்விடும் என்பதால் அதை மட்டும் தனியாக எடுத்துப் போய் எரித்தேன். போனில் அக்காவிடம் சொன்னபோது, "சரி தம்பி, மத்ததுங்கள பாரு" என்றார்.

கலவைக்கு நான் போட்டது: ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் உடைத்த பைன் பட்டை மூன்று பங்கு, தேங்காய் மட்டைச் சில்லு ஒரு பங்கு, மரக்கரித் துண்டு ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) கொஞ்சம். பட்டை மரமில்லில் வாங்கியது. ஊறவைத்துப் பிசின் வாடை போகும்வரை தண்ணீர் மாற்றினேன். மட்டைச் சில்லு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருவது. அதில் உப்பு இருக்கும். பலமுறை அலசி, ஒரு ராத்திரி கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு இலைநுனி கருகுவதைப் பார்த்து வெயிலைக் குறை சொல்வார்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

தொட்டி உயரமாக, குறுகலாக இருப்பது நல்லது. பழங்குமிழ் தொட்டி விளிம்பை ஒட்டியும், புதுத்துளிர் முன்னால் இரண்டு குமிழ் வளர இடம் விட்டும் இருக்க வேண்டும். குமிழின் அடிப்பாகம் கலவையின் மேல்மட்டத்தில் உட்காரட்டும். புதைத்தால் துளிர் அழுகும். நட்டபின் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் ஊற்றாமல், இலையில் மட்டும் காலையில் தெளித்தேன். வெட்டுவாய் ஆறட்டும், வேர் தண்ணீர் தேடி ஓடட்டும்.

இலையில்லாத பழங்குமிழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். காய்ந்த உறையை உரித்துப் பார்த்தால் அடியில் முக்கோணமாகச் சிறு கண் தெரியும். அது பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஈரம் பிழிந்த மட்டைச் சில்லில் பாதி புதைத்து, நிழலில் மூடிய டப்பாவில் வைத்தேன். சில மாதங்களில் பாதிக்கு மேல் துளிர்த்தன. பூக்க மூன்று வருடம், நான்கு வருடம் ஆகும். ஆனால் தாய்ச்செடி அச்சு அசலாக அப்படியே கிடைக்கும். வேறு எந்தச் செலவும் இல்லை.

நிழலில் பழகிய செடிகளை ஒரேயடியாகப் பந்தலுக்குள் வைத்தால் இலை வெந்துவிடும். முதல் சில வாரம் வலையை இரட்டையாக மடித்துப் போட்டிருந்தேன். பிறகு ஒரு மடிப்பை எடுத்தேன். நடுப்பகலில் இலையை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சூடாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் முன் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜூனிலிருந்து வானம் மூடியே கிடக்கும். அந்த மாதங்களில் வலையை முழுக்கச் சுருட்டி, ஷீட்டை மட்டும் விட்டேன். இந்த ஒரு வேலைதான் பூவைக் கொண்டு வந்தது என்று உறுதியாக நினைக்கிறேன். புதுக்குமிழ் பருத்து முற்றும் காலம் அது. அப்போது கிடைக்கிற வெளிச்சம்தான் தண்டாக மாறும்.

உரம் எல்லாம் இங்கே தோட்ட உரக்கடையில் கிடைப்பதுதான். மார்ச் முதல் ஜூலை வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு இந்த வரிசையில்), லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. நடுவில் ஒரு வாரம் அதற்குப் பதில் கால்சியம் நைட்ரேட். ஆகஸ்டிலிருந்து தழைச்சத்தைக் குறைத்து 13:0:45, 0:52:34 இரண்டையும் மாறி மாறி, அளவைப் பாதியாக்கி. மாதம் ஒருமுறை உரமே இல்லாமல் வெறும் மழைத்தண்ணீரைத் தொட்டி வழிய வழிய ஊற்றி உப்பைக் கழுவிவிடுவேன். தண்ணீர் கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, பனிக்காலத்தில் வாரம் ஒருமுறை. கலவைக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான். சிம்பிடியம் முழுக்கக் காய்ந்து கிடப்பதை விரும்பாது.

பூச்சிகளில் தேயிலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த செஞ்சிலந்திதான் முதல் எதிரி. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் ஆகும். ஆரம்பத்திலேயே பார்த்தால் மருந்து தேவையில்லை. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அடங்கிவிடும். செதில் பூச்சி குமிழின் காய்ந்த உறைக்குள் ஒளிந்திருக்கும். உறையை உரித்து சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பேன். ஓடில்லாத நத்தைதான் மனசை நோகடிப்பது. ராத்திரியில் வந்து இளம் தண்டின் நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போகும். நுனி போனால் அந்தத் தண்டே போச்சு. தண்டு வந்ததும் அதன் அடியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றிவிடுகிறேன். பஞ்சின் மேல் அதனால் ஊர முடியாது. நனைந்தால் பஞ்சை மாற்ற வேண்டும்.

நட்ட வருடம் பூவை எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. குமிழ் பருத்தது, அதுவே போதும் என்று இருந்தேன். அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில் குமிழின் அடியிலிருந்து முளைகள் வந்தன. இது புது இலைத்துளிரா, பூந்தண்டா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். துளிர் தட்டையாக இருக்கும். சீக்கிரமே நுனியில் இலை இரண்டாகப் பிரியும். தண்டு உருண்டையாக, நடு பெருத்து இருக்கும். மெதுவாக அமுக்கினால் மேலுறை கொஞ்சம் உள்ளே அமுங்கும். பெரிய தொட்டியில் வந்த மூன்றில் இரண்டு தண்டு, ஒன்று துளிர்.

தண்டு ஒரு சாண் ஆனதும் மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். காலையில் தண்டில் நீரேறி இருக்கும். வளைத்தால் படக்கென்று ஒடியும். மாலையில் கொஞ்சம் இளகும், அப்போது கட்டுவது பத்திரம். கட்டியபின் தொட்டியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் மொட்டுகள் வெளிச்சத்தைத் தேடி ஆளுக்கொரு திசை பார்க்கும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கியது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊட்டிப் பள்ளங்களில் இருப்பவர்களுக்கு உறைபனி விழும். அங்கே ஷீட் இல்லாமல் மொட்டைக் காப்பாற்ற முடியாது.

ஜனவரி கடைசியில் முதல் பூ. வெளிர் பச்சை இதழ், வெள்ளை உதடு (கீழே நீட்டி நிற்கும் இதழ்), அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். மற்றவை ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலாக விரிந்து, தண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பூ. எட்டு வாரம் வரை நின்றன. ஒன்று மட்டும் இரண்டாம் வாரமே உதடு முழுக்கச் சிவந்து வாடத் தொடங்கியது. அருகில் போய்ப் பார்த்தால் நடுத்தூணின் நுனியில் இருக்க வேண்டிய மகரந்த மூடி இல்லை. தேனீ தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. மகரந்தம் போனதும் பூ தன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு நிறம் மாற்றிவிடும். பூவை நீண்டநாள் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மெல்லிய கொசுவலையைப் போடலாம். நான் போடவில்லை, தேனீயும் வந்து போகட்டும். பூத்த தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பழத்தட்டுப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கும் வாழை, ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும், பூவைச் சீக்கிரம் வாட்டும்.

படம் அனுப்பியதும் கோயம்புத்தூரிலிருந்து அக்கா கேட்டார்: "இங்க மொட்டை மாடியில ஏதாவது வைக்க முடியுமா தம்பி?" இந்தச் செடிகளை வைக்க முடியாது. ஆனால் என்சிஃபோலியம் என்ற இனம் கலந்த சிறு ரகங்கள் உண்டு; கோல்டன் எல்ஃப் மாதிரி மஞ்சள் பூ, வாசனையும் இருக்கும், வெக்கையிலும் பூக்கும். நம் காடுகளில் தானாகவே வளரும் அலோயிஃபோலியமும் சிம்பிடியம்தான். அது வெயில் தாங்கும் செடி. அதற்காகக் காட்டு மரத்திலிருந்து பிய்த்து வரக் கூடாது. நர்சரியில் வளர்த்ததாக இருந்தால் வாங்கலாம். காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

பூ வாடியதும் தண்டை அடியோடு வெட்டிவிட்டேன். பெரிய தொட்டி இன்னும் ஒரு வருடம் தாங்கும். அதை இந்த முறை தொடப் போவதில்லை. பட்டை மக்கும் வேகத்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழங்குமிழில் வந்த கன்றுகள் இப்போது நான்கு அங்குலத் தொட்டியில் நிற்கின்றன. திண்ணையில் பூக்காத சிம்பிடியம் வைத்திருக்கும் பக்கத்துத் தெருக்காரர்கள் இருவர் ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள். தருகிறேன், ஆனால் முதலில் உங்கள் பழைய தொட்டியை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் நகர்த்திவிட்டார்.